உக்குளானும் பாசியும்



வன்னிப் பெருநிலத்திலே கனகராயன் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு மருதமரத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். மாரி பெய்து ஓய்ந்த தை மாதம். மரத்தடிச் சருகுக்குள்ளே உக்குளான் ஒன்று காதை மடித்து ஒடுங்கிக் கிடக்கிறது. அம்மரத்தின் பட்டையிலே, வெயில் படாத புறத்திலே, நகக்கண் அளவு உயரமும் இல்லாத பச்சைப் படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைப் பாசி என்கிறோம். ஒரே மரத்தை அடுத்து வாழும் இவ்விரண்டையும் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

விலங்கையும் பாசியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என்ன முறை என்று நீங்கள் கேட்கலாம். வேற்றுமை பெரிதுதான். ஆயினும் இரண்டும் தம் பெயரால் நம்மை மயக்குகின்றன. உக்குளானைப் புத்தகங்கள் சருகுமான் என்று சொல்லும், அது மானன்று. பாசி என்ற சொல்லோ ஒன்றையும் திட்டமாகக் காட்டுவதில்லை. இப்பெயர் மயக்கம் புலவர்க்கு மட்டும் உரிய வம்பு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஓர் உயிரைக் காக்க வேண்டுமா, வேண்டாவா என்று அரசாங்கமும் அறிஞரும் தீர்மானிக்கும் இடத்திலே இந்த மயக்கம் வந்து குறுக்கே நிற்கிறது.

முதலிலே உக்குளானைப் பார்ப்போம். நின்றால் தோள் உயரம் ஒரு அடி அளவு. நிறை மூன்று கிலோ அளவு. பழுப்பு உடலிலே வெண்புள்ளிகளும் கோடுகளும் வரிசையாக ஓடும். கொம்பு ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. ஆணுக்கு மேல்தாடையிலே கோரைப்பல் நீண்டு வெளியே தெரியும். பகலில் மறைந்திருந்து, அந்தியிலும் இரவிலும் தனியே இரைதேடும். உதிர்ந்த பழம் என்றால் அதற்கு விருப்பம். பாலைப்பழம் உதிரும் காலத்திலே காட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அதன் குளம்படி பழக்கமானதாய் இருக்கும்.

இப்பிராணியைப் பற்றி மேலைநாட்டு வாசகர் படித்த பழைய குறிப்புகளிலே ஒன்று, கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் எழுதியது. முயலிலும் பெரிதாகாத உடம்பு, ஆனால் உறுப்பெல்லாம் மானைப் போன்றது என்ற கருத்துப்பட 1681இல் வெளிவந்த தம் நூலிலே அவர் குறித்துச் சென்றார். அவர் 1679இல் தப்பியோடியது, வன்னியின் தென்மேற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் அருவியாற்றின் வழியே அரிப்புக் கோட்டைக்கு என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளலாம். சிங்கள மக்கள் வழங்கிய மீமின்னா என்ற பெயரையே அவரும் எழுதினார். பின்னர் 1777இல் எர்க்ஸ்லெபன் என்ற ஜெர்மானிய அறிஞர் அதற்கு இலத்தீன் முறைப்படி பெயரிட்டபோது அந்த மெமின்னா என்ற சொல்லையே இனப்பெயராக்கினார். நம் தீவின் பேச்சுச்சொல் ஒன்று உலக விலங்கியலில் இவ்வாறு நிலைத்தது.

ஆனால் அவர் அதை வைத்த இடம் கஸ்தூரிமானின் கூட்டம். கஸ்தூரிமானுக்கும் கொம்பில்லை, அதற்கும் கோரைப்பல் நீண்டிருக்கும், ஆதலால் அந்த முடிவு இயல்பானதே. வெளித்தோற்றத்தை விட்டு உள்ளுறுப்பைப் பார்த்த பின்னரே கதை மாறிற்று. ஆடு, மாடு, மான் ஆகிய அசைபோடும் விலங்குகளுக்கு இரைப்பை நான்கு அறை உடையது. உக்குளானின் குடும்பத்திலே மூன்றாம் அறை இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்குச் சிறுத்துப்போயிற்று. காலிலும் நான்கு விரல்கள் நன்கு வளர்ந்துள்ளன. இன்றைய முடிவு யாதெனில், அசைபோடும் விலங்குகள் அனைத்தும் தோன்றிய குலத்திலே முதன்முதல் பிரிந்துபோன கிளை இதுவே என்பதாகும். இதை நம் ஊர்க் கணக்கிலே சொல்வதானால், பட்டியிற் கட்டியிருக்கும் பசுவுக்கும் காட்டுப் புள்ளிமானுக்கும் உள்ள உறவு, உக்குளானுக்கும் புள்ளிமானுக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. ஒட்டகச்சிவிங்கிகூட உக்குளானைவிடப் புள்ளிமானுக்கு அண்மைச் சுற்றம்.

தமிழிலே மான் என்ற சொல் எவ்வளவு தாராளமானது! புள்ளிமான் மான். வன்னியார் மரை என்று வழங்கும் பெரிய விலங்கும் மான் குடும்பமே. ஆனால் பாக்குநீரிணைக்கு அப்பால், கோடியக்கரையிலே முறுக்குக் கொம்போடு துள்ளும் வெளிமான் இருக்கிறதே, அது மானன்று. அது இரலையினம், ஆடுமாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாய் வளர்க்கும். இரலை தன் கொம்பை ஒருபோதும் உதிர்ப்பதில்லை. தமிழ்நாட்டு மலைகளிலே கேளையாடு என்று பெயர் பெற்ற ஒன்று, பெயரில் ஆடாக இருந்தும் குடும்பத்தில் மானாக இருக்கிறது. இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. உக்குளானின் குடும்பத்துக்கு மேனாட்டார் இட்ட திரகுலிடே என்ற பெயரை உடைத்துப் பார்த்தால் ‘ஆட்டுக்குட்டி’ என்ற பொருளே உள்ளே இருக்கிறது.

இலங்கைக் காட்டிலே இரலை ஒன்றேனும் இல்லை. கடல் தாழ்ந்து இரு நிலமும் ஒட்டியிருந்த காலத்திலே எத்தனையோ விலங்குகள் நடந்து வந்தன; இரலை மட்டும் இன்று நம்மிடம் இல்லை. ஆபிரிக்காவிலே டிக்டிக் என்றும், அரச இரலை என்றும் முயலளவான இரலைகள் உண்டு. புதர்களுக்கிடையே அவை செய்யும் வாழ்க்கையை நம் நாட்டிலே உக்குளான் செய்து வருகிறது. வேலை ஒன்று, குலம் வேறு. தோற்றத்தைக் கண்டு குலம் சொல்லலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நிற்க. பாசியிடம் வருவோம்.

கிணற்றுப் படியில் வழுக்குவது பாசி. குளத்தில் மிதப்பது பாசி. கடலில் எடுப்பது கடற்பாசி. செட்டிநாட்டார் கறிக்கு இடுவது கற்பாசி. நீருக்குள் கொடிபோல் வளர்வது வேலம்பாசி. இவற்றுள் குளத்திலும் கடலிலும் உள்ளவை நம் பாடநூல்கள் அல்கா என்று சொல்லும் வகை. கற்பாசி, பூஞ்சணமும் அல்காவும் கூடிக் குடித்தனம் செய்யும் ஒரு கூட்டுயிர். வேலம்பாசியோ பூத்துக் காய்க்கும் செடி. மருதம்பட்டையிலே ஒட்டியிருப்பது இவற்றுள் எதுவுமன்று. அது வேரில்லாத, பூவில்லாத, தண்டும் இலையும் மட்டும் உள்ள சிறு தாவரம். மயக்கம் நீங்கும்பொருட்டு அதை நான் இப்பேச்சிலே தரைப்பாசி என்று சொல்லப்போகிறேன்.

தரைப்பாசிக்கு உறவு எது? குளத்துப் பாசியன்று, பனைமரம். கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் நீரைவிட்டு நிலத்தில் குடியேறிய தாவரங்களின் வழியிலேதான் தரைப்பாசியும் பனையும் இரண்டும் நிற்கின்றன. நிலத்துக்கு வந்தும் அது நீரை மறக்கவில்லை. அதன் ஆண்கலம் பெண்கலத்தைச் சேர, மெல்லிய நீர்ப்படலத்தினூடே நீந்தியே செல்லவேண்டும். மழை இல்லையேல் மணம் இல்லை. வன்னியிலே சோளகம் வீசும் மாதங்களில் அது சுருண்டு கறுத்துத் தூளாகிக் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். ஐப்பசி மழையின் முதற்றுளி பட்டதும் சில நிமிடத்தில் இலை விரித்துப் பச்சையாகிவிடும். குடித்த தண்ணீரைச் சேமிக்கும் வழி அதற்கு இல்லை. ஆதலால், வற்றிப் பின் உயிர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டது. வறண்ட நிலத்திற்கு ஏற்ற குணம் இதைவிட எது?

இதன் பெயரிடு வரலாறு சுவையானது. விலங்குகளுக்குப் பெயர் கணக்கு லின்னேயசின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. பூக்கும் தாவரங்களுக்கு அவரது 1753ஆம் ஆண்டு நூல். தரைப்பாசிகளுக்கோ, ஒரு குடும்பத்தைத் தவிர, கணக்குத் தொடங்குவது 1801இல். லின்னேயசு பெரிய மேதை. ஆயினும் பாசியின் உள்ளமைப்பை அறிந்தவரல்லர். ஜெர்மானிய மருத்துவர் ஹெட்விக் என்பவர் உருப்பெருக்கியின் துணையால் பாசியின் ஆண், பெண் உறுப்புக்களைப் பிரித்துக் காட்டி நூல் எழுதினார். அவர் 1799இல் மறைந்தார். நூல் 1801இல் வெளிவந்தது. இறந்தபின் வந்த அந்நூலே உலகப் பாசிகளின் பெயர்ப்பதிவேட்டிற்கு முதல் ஏடாயிற்று. விலங்கு பெற்ற பெயரைப் பாசி பெற ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிந்திற்று என்க. அந்தப் பிந்தல் இன்னும் முடியவில்லை.

அந்நூலிலே ஹெட்விக் பெயரிட்ட பாசிகளுள் ஒன்று இலங்கையிலும் உண்டு. ஒக்டோபிளெபாரம் அல்பிடம் என்பது பெயர். வெப்பநாடுகள் எங்கும் தென்னை முதலிய மரங்களின் அடிப்பட்டையிலே வெள்ளைகலந்த பச்சை நிறத்தில் மெத்தைபோல் வளர்வது. அதன் வித்துறையின் வாயிலே பற்கள் எட்டு. இமைமயிர்போல் தோன்றும் அந்த எட்டையே முதற்பெயர் குறிக்கிறது. வெண்மை எதனால்? இலையின் இருபுறமும் வெறும் கலங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பச்சையம் உள்ள கலங்கள் நடுவிலே மறைந்திருக்கின்றன. மழைநீர் அந்த வெறுங்கலங்களில் தங்கும். பாசி என்று காலால் தேய்த்துவிட்டுப் போகும் பொருளிலே இத்தனை ஏற்பாடு இருக்கிறது.

இலங்கையிலே ஐந்நூறுக்கு மேற்பட்ட தரைப்பாசி இனங்கள் பதிவாகியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவெயிற்ஸ் சேகரித்து அனுப்ப, இங்கிலாந்திலிருந்த மிற்றன் ஆராய்ந்து பெயரிட்டவை அவற்றுட் பல. ஆனால் சேகரித்தவர்களின் கால்கள் பெரும்பாலும் மத்திய மலைநாட்டின் ஈரக்காடுகளையே நாடின. பாசி மலையிற் செழிக்கும் என்பது உண்மையே. வறண்ட வன்னியிலே பாசிக்கு என்ன வேலை என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். 1895இல் லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கென்றே விரிவான கைநூல் எழுதினார். குளமும் குடியும் வயலும் அதிலே உண்டு. பாசியைத் தேட அவருக்குக் கடமையில்லை. பின்னர் போர்க்காலம் வந்தது. 2009இல் அது முடியும் வரைக்கும், முடிந்த பின்னும் கண்ணிவெடியின் அச்சத்தாலும், நெடுங்காலம் உருப்பெருக்கியோடு இக்காட்டுக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை.

இனிப் பாதுகாப்பின் கணக்கு. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் என்ற நிறுவனம் உயிரினங்களின் ஆபத்தை அளந்து செம்பட்டியல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. நம் உக்குளான் அப்பட்டியலிலே கவலை மிகக் குறைந்த இனம் என்ற வகுப்பில் இருக்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதிலே வகைப்பாடு செய்த வேலையைக் கவனியுங்கள். 2005 வரையும் இந்தியாவின் சருகுமானும் இலங்கையின் உக்குளானும் ஒரே இனம் என்றே எண்ணப்பட்டன. அவ்வாண்டிலே குரோவ்ஸ், மெய்யார்டு என்ற இரு அறிஞர்கள் மண்டையோட்டையும் தோலையும் அளந்து பார்த்து, அவை மூன்று இனங்கள் என்று எழுதினர். இந்தியாவில் ஒன்று, இலங்கையின் வறண்ட வலயத்தில் ஒன்று, ஈரவலயத்தில் மஞ்சள்வரி உடைய ஒன்று. ஒரே நாளிலே, காட்டில் எந்த விலங்கும் அசையாமலே, வன்னி உக்குளான் இத்தீவுக்கு மட்டும் உரிய இனமாகிவிட்டது. முன்பு இங்கே அழிந்தாலும் இந்தியாவில் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். இப்பொழுது அந்த ஆறுதலுக்கு இடமில்லை. இங்கே போனால் உலகில் போயிற்று.

பெயர் பிரிந்ததன் பயனை வியட்நாமிலும் காணலாம். அங்கே உக்குளானின் உறவாகிய வெள்ளிமுதுகுச் சருகுமான் 1910இல் விவரிக்கப்பட்டது; 1990க்குப் பின் அறிஞர் கண்ணிற் படவில்லை. தொலைந்தது என்றே பலர் நினைத்தனர். ஆனால் ஊர் வேட்டைக்காரர், சாம்பல் முதுகுடையது வேறு, மற்றது வேறு என்று வழக்கத்திலே பிரித்து வைத்திருந்தனர். அவர்கள் சொல்லைக் கேட்டு நாட்டிய தானியங்கிப் படக்கருவிகளில் அது அகப்பட்டது. 2019இல் உலகறியச் செய்தி வந்தது. தனிப்பெயர் ஒன்று ஏட்டில் இருந்தமையால் அன்றோ, தேட வேண்டும் என்ற எண்ணமே பிறந்தது.

தரைப்பாசிக்கு வருவோம். உலகிலே பாலூட்டிகள் ஏறக்குறைய எல்லாம் செம்பட்டியலுக்காக ஆராயப்பட்டுவிட்டன. தரைப்பாசிகள் சுமார் பன்னிரண்டாயிரம். ஆராயப்பட்டவை சில நூறு மாத்திரமே. மற்றவை மதிப்பிடப்படாதவை என்ற வகுப்பில் நிற்கின்றன. பட்டியலைப் புரட்டும் சாதாரண வாசகனுக்குக் கவலை குறைந்தது என்பதும் மதிப்பிடப்படாதது என்பதும் ஒன்றாகவே தோன்றும். இரண்டிலும் அபாயச் சிவப்பு இல்லை அல்லவா? முதலாவது வைத்தியர் நாடி பார்த்து நோயில்லை என்றது. இரண்டாவது வைத்தியரிடம் போகவே இல்லை என்பது. வைத்தியரிடம் போனவர்களின் நிலை எப்படி? ஐரோப்பாவிலே 1,817 பாசியினங்களையும் அவற்றின் உறவினங்களையும் ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டனர். நூற்றுக்கு 22.5 பங்கு ஆபத்தில் இருப்பதாகக் கண்டனர். பாசிதானே, எங்கும் முளைக்கும் என்ற எண்ணம் அங்கே பொய்யாயிற்று.

சட்டமும் பாசியைக் காக்க முடியாத ஒன்றன்று. இங்கிலாந்தின் டாபிசயர் பகுதியிலே ஒரே ஒரு சுண்ணாம்புக்கல் நீரோடையில் மட்டும் வாழும் பாசி ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. அந்நாட்டின் 1981ஆம் ஆண்டு வனசீவிச் சட்டத்தின் பட்டியலிலே அது பெயர் குறித்துக் காக்கப்படுகிறது. நம் நாட்டிலே 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் உக்குளானை வேட்டையாடுவதைக் குற்றமாக்கியுள்ளன. கண்ணியும் நாயும் இரவுவிளக்கும் அதனால் ஒழிந்துவிட்டன என்று சொல்லமாட்டேன்; வன்னியில் வாழ்வோர் அறிவர். எனினும் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பாசியோ சரணாலயங்களுக்குள்ளே ஒண்டுக்குடியாக வாழ்கிறது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. கொக்கிளாய் 1951இல் சரணாலயமாயிற்று. இரண்டும் நீர்ப்பறவைகளை எண்ணி வகுத்தவை. பறவைக்கு இட்ட வேலிக்குள் பாசியும் பிழைத்தால் அதன் அதிர்ஷ்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதைக் கேட்டால் உங்களுக்கு வேடிக்கையாயிருக்கும். உக்குளானைத் தலை எண்ணலாம். பாசியை எப்படி எண்ணுவது? ஒரு மெத்தையில் ஆயிரம் தண்டுகள்; எல்லாம் ஒரே செடியின் கிளையோ, வெவ்வேறு செடியோ? அறிஞர்கள் ஒரு சமாதானம் செய்துகொண்டனர். தரையிலும் பாறையிலும் வளர்வதை ஒரு சதுரமீற்றருக்கு ஒரு தலை என்று கொள்வது. மரத்தில் வளர்வதைப் பாசி பிடித்த மரம் ஒன்றுக்கு ஒரு தலை என்று கொள்வது. இந்தக் கணக்குப்படி, நாம் முதலிலே எண்ணிக்கொண்ட மருதமரத்தை வெட்டினால் ஒரு பாசியின் குடித்தொகையில் ஒரு தலை விழுகிறது. ஆற்றங்கரையில் மருதுகள் வரிசையாகச் சாயும்போது, மணல் அகழ்ந்து கரை இடியும்போது, உக்குளான் ஓடி வேறு புதருக்குப் போகும். பாசிக்குக் காலில்லை. மரத்தின் நிழல்தான் அதன் காடு. பட்டைதான் அதன் நிலம். நூறு ஏக்கர் காடு எஞ்சியிருந்தும், முதிர்ந்த பட்டையுடைய பெருமரங்கள் போய்விட்டால் அதற்கு ஏதும் எஞ்சவில்லை. உக்குளானுக்கோ நேர்மாறு; ஒரு பெருமரம் போதாது, சருகு மண்டிய பரப்பு வேண்டும். இரண்டையும் ஒரே விதியால் காப்பது இயலாது என்பது என் எண்ணம்.

பழைய குளங்களின் துரிசுகளிலும் கற்கட்டுகளிலும், செங்கற் கிணறுகளிலும் தனிப்பட்ட சில பாசிகள் வாழும். துரிசைப் புதுக்க வேண்டாம் என்று கமக்காரனிடம் யாரும் சொல்லமுடியாது, நீரின்றேல் வயலில்லை. ஆனால் சீமெந்து பூசுவதற்கு முன்னே ஒருவர் போய், அங்கே என்ன இருந்தது என்று ஒரு பிடி எடுத்து வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. காட்டுக்கும் குளத்துக்கும் அடுத்த வீட்டிலே கல்விக்கூடங்கள் இருந்தும் மருதம்பட்டைப் பாசியின் பெயரைக் கேட்கப் பேராதனைக்குப் போகவேண்டும் என்ற நிலை நீடிப்பது நல்லதன்று.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம் என்பதால் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி எதையும் எடுத்தலாகாது. வீட்டு வளவும் வயல்வரம்பும் பாடசாலைக் கிணறும் போதும். பூச்செடியைப்போல் பாசியை அழுத்தி உலர்த்தும் சிரமம் இல்லை. ஒரு விரல் அகலத் துண்டைக் கத்தியால் மெல்லப் பெயர்த்து, பழைய பத்திரிகைத் தாளில் மடித்த உறையிலே இட்டு நிழலில் வைத்தால் தானே உலரும். ஆண்டுகள் கழிந்தபின்னும் ஒரு துளி நீரிட்டால் இலை விரிந்து, உருப்பெருக்கிக்கு வேண்டிய உருவத்தைக் காட்டும். உறையின் மேலே ஊரின் பெயர், தேதி, ஒட்டியிருந்தது கல்லா மரமா, மரமாயின் மருதா, பாலையா, பனையா என்று எழுதவேண்டும். பென்சிலால் எழுதுவது நல்லது; மை ஈரத்தில் கரையும்.